நர்சிங், பார்மசி, பிசியோ, எம்.பி.பி.எஸ்.: சேரும் முன்னும் வேலையில் இருக்கும்போதும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈரோடு பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து பதினோரு வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று படித்து இந்தப் பக்கம் வந்தவள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே போன் வர ஆரம்பித்துவிடும். கோபி, சத்தி, அந்தியூர், தாராபுரம், காங்கேயம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்பார்கள். மே மாதம் முழுக்க ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதையெல்லாம் ஓர் இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவுமே என்றுதான் இது.

ஏனுங்க மேடம், ரூல்ஸை ஏன் இப்படி வருசா வருசம் மாத்திட்டே இருக்கறாங்க?

நாம் பார்த்த விதிகளில் பெரும்பாலானவை சுதந்திரம் வந்த சமயத்தில் போட்ட சட்டங்களிலிருந்து வந்தவை. நர்சிங் கவுன்சில் சட்டம் 1947, பார்மசி சட்டமும் பல் மருத்துவர் சட்டமும் 1948, மருத்துவ கவுன்சில் சட்டம் 1956. அவற்றில் பலவற்றை 2019-லிருந்து வரிசையாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் செப்டம்பரில் பழைய மருத்துவ கவுன்சில் போய் அந்த ஆணையம் உட்கார்ந்தது. 2020-ல் சித்தா, ஆயுர்வேதம், யுனானிக்குத் தனி ஆணையச் சட்டம். 2021-ல் லேப், எக்ஸ்ரே, பிசியோ போன்றவர்களுக்கு. 2023-ல் நர்சிங்குக்கும் பல் மருத்துவத்துக்கும்.

இதில் 2021 சட்டம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதுவரைக்கும் ஒரு லேப் டெக்னீஷியன் யார், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சொல்ல ஒரு சட்டமே இல்லை. நம் ரத்தத்தை எடுத்து ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர். அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார்.

சர்டிபிகேட் கையில இருக்குது, அது போதாதுங்களா?

போதாது. இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். படிப்பு வேறு, பதிவு வேறு. கல்லூரி கொடுக்கும் சர்டிபிகேட் நீங்கள் படித்ததைச் சொல்கிறது. நோயாளியைத் தொட உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வது கவுன்சில் கொடுக்கும் பதிவு எண். நர்சுக்குத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைவ்ஸ் கவுன்சில், பார்மசிஸ்டுக்குத் தமிழ்நாடு பார்மசி கவுன்சில், டாக்டருக்குத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். அப்பா தறி ஓட்டுகிறவர். பிளஸ் டூ காமர்ஸ் குரூப் முடித்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடந்த ஓர் இன்ஸ்டிட்யூட்டில் "ஒரு வருட டிப்ளமோ இன் நர்சிங்" சேர்த்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மற்ற நாள் ஒரு கிளினிக்கில் சம்பளமில்லாத வேலை. முடித்துவிட்டு வேலைக்கு இன்டர்வியூ வந்தபோது அந்தச் சர்டிபிகேட்டை நான்தான் வாங்கிப் பார்த்தேன். கெட்டியான தாள், ஓரத்தில் தங்க நிறப் பூ வேலை, மின்னுகிற ஸ்டிக்கர், வெள்ளைக் குல்லா போட்ட போட்டோ. மேலே "தேசிய" என்று ஆரம்பிக்கிற ஒரு கவுன்சில் பெயர், கீழே இரண்டு கையெழுத்து. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நர்சிங் கவுன்சில் பெயரும் இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. "பதிவு எண் எங்கே கண்ணு?" என்று கேட்டதற்கு, சர்டிபிகேட்டின் சீரியல் நம்பரைக் காட்டினாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நாற்பத்தைந்தாயிரம் கட்டியிருந்தார்கள்.

அவள் அப்புறம் முறையான ஜி.என்.எம்.மில் சேர்ந்தாள், முடித்தாள், இன்று பதிவு செய்த நர்ஸ். ஆனால் இழந்த இரண்டு வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அவளைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டு சின்ன கிளினிக்குகளில் "சிஸ்டர்" என்ற பெயரில் ஊசி போட்டுக்கொண்டு, நர்ஸ் சம்பளத்தில் பாதிகூட வாங்காமல் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்த இன்ஸ்டிட்யூட்டுகள்மேல்தான்.

அதனால் எந்தப் படிப்பாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "முடித்ததும் எந்தக் கவுன்சில் என்னைப் பதிவு செய்யும்?" பதில் நேராக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நேராக வந்தாலும் அந்தக் கவுன்சிலின் வெப்சைட்டில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டப் படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிப் பட்டியலிலும் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது தானே பட்டம் கொடுக்கும், ஆனால் கவுன்சில் அங்கீகாரம் அதற்கும் வேண்டும்.

ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங். எதுல சேர்த்தறது?

ஏ.என்.எம். இரண்டு வருடம், கிராம சுகாதார வேலைக்கானது. ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமோ. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் சேரலாம், அதனால்தான் மேலே சொன்ன காமர்ஸ் பிள்ளையால் சேர முடிந்தது. பரீட்சையை நர்சிங் கவுன்சிலே நடத்துகிறது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்.

ஜி.என்.எம்.மை எடுத்துவிடப் போகிறார்கள் என்று சில வருடம் முன்பு ஒரு பேச்சு கிளம்பி எல்லாரையும் பயமுறுத்தியது. இன்றும் நடக்கிறது. ஆனாலும் சயன்ஸ் குரூப் படித்த பிள்ளைக்கு வீட்டில் நான்கு வருடம் தாங்க முடியும் என்றால் நான் பி.எஸ்சி.தான் சொல்வேன். வெளிநாடு போக, ஆசிரியராக, மேற்படிப்புக்கு எல்லாம் பட்டம்தான் கேட்கிறார்கள். முடியவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். ஜி.என்.எம். முடித்து வேலை பார்த்துக்கொண்டே காசு சேர்த்து இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். நான் அந்த வழியில் வந்தவள்தான்.

பி.எஸ்சி. நர்சிங்கிலே என்னதான் மாறிப் போச்சு?

2021 ஜூலையில் இந்திய நர்சிங் கவுன்சில் புதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. வருடாந்திரப் பரீட்சை போய் எட்டு செமஸ்டர் வந்தது. வகுப்பு வருகை 80 சதவீதம். கிளினிக்கல் வேலையில் பட்டம் வாங்கும் முன் நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்த நாளையெல்லாம் பின்னால் ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். கடைசி செமஸ்டர் முழுக்க மருத்துவமனையில்தான், 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம்.

பொம்மையில் பழகிவிட்டு நோயாளியிடம் போகிற முறையும் இதில் வலுவாக வந்திருக்கிறது. எங்கள் காலத்தில் முதல் ஊசியை நேராக ஒரு மனிதர் கையில்தான் குத்தினேன். கட்டிலில் படுத்திருந்த அந்தப் பெரியவர் "பயப்படாம போடு அம்மிணி, காட்டு வேலை செஞ்ச கை, ஒண்ணும் ஆவாது" என்றார். என் கை நடுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று என் மாணவிகள் ரப்பர் கையில் இருபது முறை குத்திப் பழகிவிட்டுத்தான் வார்டுக்குள் போகிறார்கள். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

நர்சிங்குக்கு நீட் வந்துருச்சுன்னு வாட்ஸ்அப்புல வருதே?

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்ற சில இடங்களில்தான் நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள். 2023 சட்டத்தில் பொது நுழைவுத் தேர்வு பற்றிப் பேச்சு இருக்கிறது, அதை வைத்துத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சேருகிற வருடத்தின் விளக்கக் குறிப்பேட்டை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிடும், அதை மட்டும் நம்புங்கள்.

பெங்களூரு காலேஜ்ல சீட்டு இருக்குது, வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தா போதும்னு புரோக்கர் சொல்றாருங்க.

அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. வகுப்புக்கு வராமல் நர்ஸ் ஆக முடியும் என்று சொல்கிறவரிடம் உங்கள் பிள்ளையை மட்டுமல்ல, அந்தப் பிள்ளை நாளைக்குக் கவனிக்கப்போகிற நோயாளியையும் ஒப்படைக்கிறீர்கள். நம் பகுதிக்குக் கர்நாடகம் பக்கம் என்பதால் இந்தப் புரோக்கர்கள் சத்தியமங்கலத்திலிருந்து ஓசூர் வரைக்கும் வலை விரித்திருக்கிறார்கள். தறிக்குடோன் வாசலிலும் பனியன் கம்பெனி கேட்டிலும் நோட்டீஸ் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கர்நாடகத்தில் நல்ல கல்லூரிகளும் ஏராளம். அங்கே முறையாகப் படித்தால் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து, அப்புறம் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டுக் கவுன்சிலில் மாற்றிப் பதிய வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தக் கல்லூரி நீங்கள் படித்த வருடங்களில் இருந்ததா என்று அப்போது பார்ப்பார்கள். இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, இங்கே அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் போகும்போது பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். தமிழே படிக்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

டி.பார்ம். முடிச்சா உடனே மெடிக்கல் ஷாப் வெச்சரலாமுங்களா?

முன்பு டி.பார்ம். என்கிற இரண்டு வருட பார்மசி டிப்ளமோ, 500 மணி நேரப் பயிற்சி, பதிவு, கடை என்று போய்க்கொண்டிருந்தது. 2022-ல் பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா, டி.பார்ம். முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டிய வெளியேறும் தேர்வுக்கு விதி கொண்டுவந்தது, முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மூன்றையும் ஒரே தடவையில் தேற வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். நான்கு வருட பி.பார்ம்.காரர்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது.

இதோடு இன்னொரு கேள்வியும் கூடவே வரும், குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: சர்டிபிகேட்டைக் கடைக்கு வாடகைக்குக் கொடுக்கலாமா? மாதம் சில ஆயிரம் வரும், வீட்டில் உட்கார்ந்தே வாங்கலாம். வேண்டாம். பார்மசிஸ்ட் இருந்துதான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது 1948 சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பெயர் சுவரில் பிரேம் போட்டுத் தொங்கும், கவுண்டரில் நிற்பது பத்தாவது படித்த ஒரு பையனாக இருக்கும். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசத்தில் இருப்பதை நான் எத்தனையோ முறை வார்டில் பார்த்திருக்கிறேன். மாற்றிக் கொடுத்துவிட்டால் சுவரில் தொங்குகிற பெயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோ. இவங்களுக்கெல்லாம் என்ன மாற்றம்?

2021 சட்டம் 56 தொழில்களைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கிறது. துணைநிலைப் பணியாளர் என்றால் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு வருடத்துக்குள். தனித்து மதிப்பிட்டுச் சிகிச்சை கொடுக்கிற தொழில் என்றால் 3600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடம். 2025-ல் பல படிப்புகளுக்கு நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் வெளியிட்டார்கள். பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப் படிப்பு நான்கரை வருடமாக இருந்தது, புதிய பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்போடு ஐந்து வருடம்.

ஆறு மாத லேப் கோர்ஸ் எங்கே நிற்கிறது என்று இந்த மணிக்கணக்கை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் வேலையில் இருப்பவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். அவர்களுக்கும் பதிவு செய்துகொள்ள அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதனால் பழைய மார்க் ஷீட், வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலாளியிடம் இன்றைக்கே தேதி போட்ட அனுபவச் சான்று வாங்கி வையுங்கள். லேப் மூடிவிட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

தபால் வழியில ஊட்டச்சத்துப் படிப்பு, உளவியல் எல்லாம் படிக்கலாமுங்களா?

2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இந்தச் சுகாதாரப் படிப்புகளைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. உளவியல், ஊட்டச்சத்து, மைக்ரோபயாலஜி எல்லாம் அதில் வருகிறது. யாராவது இப்போது புதிதாகச் சேர்க்கை போடுகிறார்கள் என்றால் பணம் கட்டாதீர்கள்.

பையனை ரஷ்யாவுக்கோ ஜார்ஜியாவுக்கோ எம்.பி.பி.எஸ். அனுப்பலாம்னு இருக்கறோம். தோட்டத்துல ஒரு ஏக்கரா வித்தா போதும்ங்கறாங்க.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். ஏனென்றால் விற்ற காடு திரும்பி வராது.

நீட் தேறாமல் வெளிநாடு போனால் இங்கே வந்து டாக்டராக முடியாது, இது 2018-லிருந்து இருக்கிறது. அப்புறம் 2021 நவம்பர் 18-ல் வந்த விதி. படிப்பு குறைந்தது 54 மாதம், ஒரே கல்லூரியில். அதே இடத்தில் 12 மாத இன்டர்ன்ஷிப். பாடம் ஆங்கிலத்தில். அந்த நாட்டுக்காரர்களைப் போலவே அங்கே டாக்டராக வேலை பார்க்க உரிமம் கிடைக்கிற படிப்பாக இருக்க வேண்டும். சேர்ந்த பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். திரும்பி வந்து இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப். இதில் ஒன்று தவறினாலும் பட்டம் வெறும் தாள்தான்.

இதற்கு மேல், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு இருக்கிறது. 300-க்கு 150 எடுக்க வேண்டும். 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்தான் தேறினார். இதற்குப் பதிலாக நெக்ஸ்ட் என்று ஒரு தேர்வு வரும் என்று 2019 சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டில் படித்தவர்களும் வெளிநாட்டில் படித்தவர்களும் ஒன்றாக எழுதுவது. வருடம் பல ஆகியும் அது இன்னும் தொடங்கவில்லை, ஆனால் இன்று சேர்கிற பையன் முடிக்கும்போது எது இருக்கும் என்பதையும் யோசித்துத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்பவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகப் படித்து வந்து இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் ராத்திரி டூட்டி பார்க்கிற டாக்டர்களை எனக்குத் தெரியும். ஆனால் புரோக்கர் காட்டுகிற வீடியோவைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அந்தக் கல்லூரியில் இப்போது ஐந்தாவது வருடம் படிக்கிற பையன் ஒருவனுடன் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். நோயாளியோடு பேச அந்த நாட்டு மொழி தெரிய வேண்டுமே, அதை எப்படிச் சமாளிக்கிறான், பிணவறை வகுப்பு எத்தனை நாள், வார்டுக்குள் உண்மையிலேயே விடுகிறார்களா என்று கேளுங்கள். முதலில் இங்கேயே பாருங்கள். கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது, சேலம், பெருந்துறை, கரூர் இருக்கிறது, 2022 ஜனவரியில் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் ஊட்டியிலும் புதுக் கல்லூரிகள் வந்துவிட்டன. பையன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இன்னொரு வருடம் நீட்டுக்கு உட்கார வைப்பது ஓர் ஏக்கராவை விடக் குறைந்த செலவு.

ஒரு தடவை பதிஞ்சா ஆயுசுக்கும் போதுமில்லீங்களா?

அந்தக் காலம் முடிந்தது. நர்சுகள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அந்த ஐந்து வருடத்தில் 150 மணி நேரம் தொடர் கல்வி காட்ட வேண்டும். டாக்டர்களுக்கு ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் என்பது 2002-லிருந்தே ஒழுங்கு விதியில் இருக்கிறது. நர்சுகளுக்கு நாடு முழுக்க ஒரே பதிவேடும் தனி அடையாள எண்ணும் வந்துவிட்டது.

150 மணி என்றதும் மலைக்காதீர்கள். வருடத்துக்கு 30 மணி, ஒரு நாள் கருத்தரங்கு என்றால் ஐந்தாறு தடவை. பிரச்சினை நேரம் கிடைப்பதில்தான். மூன்று ஷிப்டில் ஓடுகிற பிள்ளைக்கு லீவு கொடுக்காத மருத்துவமனைகள் இருக்கின்றன, வாரம் ஒரு நாள் விடுமுறையில் கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்து தூக்கத்தோடு போராடுகிறார்கள். இந்த மணி நேரத்தை டூட்டி நேரத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படித்த நர்ஸால் பலன் மருத்துவமனைக்குத்தானே.

போன கருத்தரங்குகளின் சான்றை ஒரு பைலில் தேதி வாரியாகப் போட்டு வையுங்கள். ஐந்தாவது வருடம் மார்ச்சில் தேடாதீர்கள்.

பழைய சிலபஸ்ல படிச்சவங்களுக்குப் புது விதி பொருந்துமா?

பாடத்திட்டம் நீங்கள் சேர்ந்த வருடத்தோடு போகும். பதிவும் புதுப்பித்தலும் எல்லாருக்கும் பொது.

சர்டிபிகேட்ல ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்ல வேற மாதிரி இருக்குது. பிரச்சினை வருமா?

வரும். எனக்கே வந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து பதிவு வரைக்கும் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் அலுவலகத்தில், என்னைக் கேட்காமலே, வீட்டுக்காரர் இனிஷியல் போட்டு அனுபவச் சான்று அடித்துவிட்டார்கள். நானும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன், ஒழுங்காகப் படித்துப் பார்க்கவில்லை. ஓமனுக்கு வேலை வந்தபோது சரிபார்க்கிறவர்கள் "இது இரண்டு பேர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லி ஏறி இறங்கியதில் எட்டு மாதம் போனது, வேலையும் போனது. அன்றைக்கு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் எல்லாத் தாளிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிறபடியே பெயர் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, அசல் சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பாக்கள் ஆசையாகப் போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு அட்டஸ்டேஷன், அதாவது சான்றொப்பத்துக்குப் போகும்போது தாளின் பின்னால் முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக் மேல் எப்படிக் குத்துவது? உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில ஒரிஜினலை வாங்கி வெச்சுட்டுத் தர மாட்டேங்கறாங்க.

பாண்டு, அதாவது இத்தனை வருடம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம், என்ற பெயரில் இது நிறைய நடக்கிறது. சர்டிபிகேட் அடகு வைக்கிற பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள், பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு என்ன வேணும்?

நாட்டுக்கு நாடு வேறு. வளைகுடா என்றால் உங்கள் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் நேராக எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள், அப்புறம் கம்ப்யூட்டர் தேர்வு. இங்கிலாந்து என்றால் ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7, அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் ஒரு செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 நிலை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது, தனியார் ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். மொழியைக் கடைசி வருடத்திலேயே ஆரம்பித்துவிட்டால் நல்லது, வேலைக்குப் போன பிறகு நேரமே கிடைக்காது.

எனக்கு 41 வயசு. கல்யாணத்துக்கு அப்புறம் பதினாலு வருசமா வேலைக்குப் போகலை, பதிவும் புதுப்பிக்கலை. இனிமே முடியுங்களா?

முடியும். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எல்லாரும் மெதுவாகத்தான் கேட்பார்கள், ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி. நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. பிள்ளை வளர்த்தீர்கள், மாமியாரைப் பார்த்தீர்கள், தோட்டம் பார்த்தீர்கள். பதிவு காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். தாமதக் கட்டணம் கட்டி, தொடர் கல்வி மணி நேரத்தையும் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். கவுன்சிலின் வெப்சைட்டில் பழைய பதிவு எண்ணைப் போட்டு ஆரம்பியுங்கள். போன் எண் மாறியிருக்கும், ஆதாரில் பெயர் மாறியிருக்கும், அதை முதலில் சரி பண்ணுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, நேராக ஐ.சி.யு.வுக்குப் போகாதீர்கள். மருந்துப் பெயர்கள், இன்ஃப்யூஷன் பம்ப், கம்ப்யூட்டரில் சார்ட் எழுதுவது எல்லாம் புதிதாக இருக்கும். ஒரு பொது வார்டில் பகல் ஷிப்டில் மூன்று மாதம் இருங்கள், கூட ஒரு சீனியரைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

போன வருடம் காங்கேயம் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். மஞ்சப்பைக்குள் பழைய துணியில் சுற்றி வைத்த ஜி.என்.எம். சர்டிபிகேட், ஓரம் கொஞ்சம் பூச்சி அரித்திருந்தது, எண் மட்டும் தெளிவாக இருந்தது. நானும் அவரும் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். ஓ.டி.பி. அவருடைய மகன் போனுக்குப் போனது, அவன் காலேஜில் வகுப்பில் இருந்தான். மூன்றாவது தடவைதான் எடுத்தான். "அம்மாவுக்கு நம்பர் சொல்லு சாமி, சீக்கிரம்" என்றார். இப்போது திருப்பூரில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் காலை ஷிப்டில் இருக்கிறார்.